வழி தவறிப் பழக ஒரு தோட்டம்



பள்ளித் தோட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கீரைப் பாத்தியும் வெண்டைச் செடியும் வேலியோரம் நிற்கும் வாழையுமே. இவை யாவும் வேண்டியவை. இன்று இவற்றோடு இன்னொரு வகைத் தோட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறோம். இது பறித்து உண்பதற்கான தோட்டமன்று. நுழைந்து விளையாடுவதற்கான தோட்டம். செடிகளையே சுவராக வளர்த்து, அவற்றின் இடையே வளைந்தும் மடங்கியும் செல்லும் வழிகளை அமைத்து, 'நடுவிடத்தைக் கண்டுபிடி' என்று பிள்ளைகளை உள்ளே அனுப்பும் தோட்டம். இதனைப் புதிர்ப்பாதை என்று அழைப்போம்.

விளையாட்டுக்காக இத்தனை உழைப்பா என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுமுன், இத்தகைய பாதைகளின் வரலாற்றைச் சற்றே பார்த்துவிடுவோம்.

சுற்றி வளைந்து செல்லும் பாதைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிரிவே இல்லாத ஒற்றைப் பாதை. அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இறுதியில் நடுவிடத்திற்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே வழி தவற இடமில்லை. பொறுமையோடு நடந்தால் போதும். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நிலத்தில் கற்களை வரிசையாகப் பதித்து அமைத்த இத்தகைய பழைய சுற்றுப்பாதைகள் இருக்கின்றன. ஏழு சுற்றுக் கோட்டை என்று மக்கள் அவற்றைச் சொல்லுகிறார்கள். கர்நாடகத்தில் ஹளேபீடு கோயிலின் சிற்பங்களில் அபிமன்யு நுழைந்த சக்கரவியூகத்தையும் இப்படிச் சுழலும் பாதையாகவே செதுக்கியிருக்கிறார்கள்.

மற்றொரு வகை, கிளை பிரியும் பாதை. இங்கே சந்திக்குச் சந்தி நின்று யோசிக்க வேண்டும். இடப்பக்கமா, வலப்பக்கமா? ஒன்று வழி, மற்றொன்று முட்டுச்சந்து. இந்த வகையைச் செடிவேலிகளால் அமைத்து ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்கள் புகழ் பெற்றன. இலண்டனுக்கு அருகில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஏறத்தாழ 1700ஆம் ஆண்டையொட்டி நடப்பட்ட புதிர்ப்பாதை இன்றும் இருக்கிறது. அதன் பரப்பு ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆனால் அதனுள் அடங்கிய பாதைகளின் நீளமோ ஏறக்குறைய அரை மைல். அதே இங்கிலாந்தில் லாங்லீட் என்னுமிடத்தில் 1975இல் 16,000க்கும் மேற்பட்ட செடிகளைக் கொண்டு மிகப் பெரிய புதிர்ப்பாதை ஒன்றை அமைத்தார்கள். நமக்கு அருகில் பார்க்க வேண்டுமானால், சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தின் ஜூவல் கட்டடத்து மேல்தளப் பூங்காவில் 2019இல் திறக்கப்பட்ட செடிவேலிப் புதிர்ப்பாதையைச் சொல்லலாம்.

இவை எல்லாவற்றிலும் நம் கருத்தைக் கவர்வது பிரான்ஸ் நாட்டு வெர்சாய் அரண்மனையில் இருந்த ஒன்று. 1670களில் அங்கே புதிர்ப்பாதையின் சந்திகளில் 39 நீரூற்றுகளை அமைத்தார்கள். ஒவ்வொரு நீரூற்றும் ஈசாப்பின் நீதிக்கதை ஒன்றைச் சிலைகளாகக் காட்டியது. அரசகுமாரனின் கல்விக்கு அது உதவும் என்று கருதினார்கள். நூறாண்டுக் காலம் இருந்து, 1770களில் அது அழிக்கப்பட்டது. ஆயினும் அதன் பின்னால் இருந்த எண்ணம் நமக்குப் பயன்படும். அரசகுமாரனுக்கு ஆகும் பாடம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆகாதா?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம்.

எந்த வகுப்பறையிலும் ஒரு பிள்ளையைக் காணலாம். கேள்வி கேட்டால் அவன் கை தூக்குவதில்லை. விடை தெரியாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். பல வேளைகளில் அவனுக்கு விடை தெரியும். சொல்லித் தவறாகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமே அவன் கையைக் கட்டிப் போடுகிறது. தவறு என்றால் சிவப்பு மை, தவறு என்றால் நண்பர்களின் சிரிப்பு, தவறு என்றால் வீட்டில் ஏச்சு என்று அவன் கற்று வைத்திருக்கிறான். ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் அந்த அச்சம் பிள்ளைகளை விட்டு நீங்கிவிட்டதாக நாம் கூற முடியாது.

புதிர்ப்பாதையில் தவறுக்கு என்ன தண்டனை? பத்தடி கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்தடியும் வீணன்று. 'இந்தப் பக்கம் வழியில்லை' என்ற உண்மையை அவன் தன் கால்களால் நடந்து அறிந்து கொள்கிறான். திரும்பி வருகிறான், அடுத்த வழியைப் பார்க்கிறான். வகுப்பின் முதல் மாணவனும் கடைசி மாணவனும் அங்கே ஒன்றாகவே வழி தவறுவார்கள். ஒருவர்கூட வழி தவறவில்லையென்றால் அந்தத் தோட்டத்தை அமைத்ததில்தான் குறை! தவறுவதற்கென்றே ஓரிடம், தவறினால் சிரித்துக்கொண்டே திரும்பி வரும் ஓரிடம், நம் பிள்ளைகளுக்குத் தேவை.

சரி, எப்படி அமைப்பது? முதலில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதுரம் வரைந்து, அதனை நீளவாட்டில் ஆறாகவும் அகலவாட்டில் ஆறாகவும் பிரியுங்கள். 36 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஓர் அறை. ஒவ்வொரு கோடும் ஒரு செடிவேலி. இப்போது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக வழியில்லை. எனவே, உட்புறக் கோடுகளில் சிலவற்றை அழித்து வாயில்கள் வைக்க வேண்டும். எவற்றை அழிப்பது? விதி ஒன்றுதான். ஒரு கோட்டை அழிக்குமுன், அதன் இருபுறமும் உள்ள அறைகளுக்கிடையே ஏற்கெனவே வேறு சுற்றுவழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். இல்லையென்றால் அழிக்கலாம். எல்லா அறைகளும் ஒன்றோடொன்று தொடர்பு பெறும் வரை இப்படியே செய்யுங்கள். பிறகு, வெளிச்சுற்றில் ஒரு கோட்டை அழித்து நுழைவாயில் வையுங்கள். நடுவில் உள்ள நான்கு அறைகளில் ஒன்றை, அடைய வேண்டிய இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகள் வரைந்தால் படங்கள் பலவிதமாக இருக்கும். ஆனால் அழித்த உட்கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். எல்லாரும் 35 என்றே சொல்வார்கள். ஏன்? முதலில் தனித்தனியாக 36 அறைகள் இருந்தன. ஒரு கோட்டை அழிக்கும்போது இரண்டு கூட்டங்கள் ஒன்றாகின்றன. கூட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. 36 கூட்டங்கள் ஒரே கூட்டமாக வேண்டுமானால் 35 முறை அழித்தாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உட்புறத்தில் மொத்தம் 60 கோடுகள் இருந்தன. 35 போக எஞ்சுபவை 25. வெளிச்சுற்றில் 24 கோடுகளில் நுழைவாயிலுக்கு ஒன்று போக 23. ஆக, நாம் நட வேண்டியவை 48 வேலித் துண்டுகள்.

இனி நிலத்துக்கு வருவோம். ஒவ்வோர் அறைக்கும் ஒன்றரை மீட்டர் அளவு வைத்துக்கொள்வோம். செடிவேலி அரை மீட்டர் கனம் எடுத்துக்கொண்டால், நடப்பதற்கு ஒரு மீட்டர் பாதை கிடைக்கும். தரை சமமாக இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் அதில் செல்லலாம். வெளிப்புறம் நின்று கவ்வாத்துச் செய்ய இடம் விட்டு, பக்கத்திற்கு 12 மீட்டர் உள்ள சதுர நிலம் இருந்தால் போதும். இரண்டு பூப்பந்து ஆடுகளங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் வரும் இடம் அது. 48 வேலித் துண்டுகள், துண்டுக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 72 மீட்டர் வேலி. 30 செண்டிமீட்டருக்கு ஒரு செடி வைத்தால் 240 செடிகள். நாற்பது பிள்ளைகளே படிக்கும் சிறிய பள்ளியானாலும் ஆளுக்கு ஆறு செடிதான்! நான்காம் ஆண்டுக் கணக்குப் பாடம் ஒரு வாரத்துக்கு இதிலேயே நடந்துவிடும்.

நிலத்தில் மூலைமட்டம் பிடிக்கக் கருவி தேவையில்லை. ஒரு கயிற்றில் சம இடைவெளியில் 12 பங்குகள் வருமாறு முடிச்சிட்டு, முனைகளை இணைத்து, மூன்று, நான்கு, ஐந்து பங்குகளாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் தானே அமைந்துவிடும். பிறகு படத்தில் உள்ளபடி சுண்ணாம்புத்தூள் கோடு போடுங்கள். உடனே நட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் பிள்ளைகளை அந்தக் கோடுகளுக்குள் நடக்க விடுங்கள். எந்தச் சந்தி மிக எளிது, எந்த முட்டுச்சந்து மிக நீளம் என்பதை அவர்களே சொல்லுவார்கள். சுண்ணாம்புக் கோட்டை மாற்றுவது எளிது. வேர் பிடித்த செடியை மாற்றுவது கடினம்.

எந்தச் செடியை நடுவது? இங்கே மூன்று தகுதிகள் பார்க்க வேண்டும். முள் இருக்கக் கூடாது. நஞ்சு இருக்கக் கூடாது. அடிக்கடி வெட்டினாலும் தழைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் பொருந்துவது நம் நாட்டின் தேசிய மலராகிய செம்பருத்தி. தே ஹூத்தான் என்று மலாயில் வழங்கும் காட்டுத் தேயிலைச் செடியும் அடர்ந்து வளரும். வெட்சி சற்று மெதுவாக வளரும். ஆனால் ஒழுங்காக நிற்கும். மலாயில் கெமுனிங் எனப்படும் செடிக்கு வெண்மையான மணமுள்ள பூ ஒரு சிறப்பு. அரளியைக் கிட்டேயும் கொண்டுவர வேண்டாம். அதன் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு. வேலிக்கு அழகாக இருக்கும் துராந்தாவின் மஞ்சள் பழங்களும் நஞ்சுடையவை. சிறு பிள்ளைகள் பறித்து வாயில் வைத்துவிடுவார்கள். காகிதப்பூச் செடிக்கு முள் உண்டு. ஆகவே இவை வேண்டாம்.

செம்பருத்திக்கு விதை தேட வேண்டியதில்லை. ஊரில் நான்கு வீட்டு வேலியில் கேட்டால் கிளை கிடைக்கும். பென்சில் கனமுள்ள கிளைகளை 15 முதல் 20 செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மண் நிரப்பிய நெகிழிப் பைகளில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஆறு வாரத்தில் வேர் பிடித்துவிடும். சில பட்டுப்போகும்; எனவே 240 செடிக்கு 300 கிளைகள் ஊன்றுவது நல்லது. மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி மழை மிகும். அப்போது நிலத்தில் நட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை குறையும். கிழக்குக் கரையில் ஆண்டிறுதி வெள்ளம் வடிந்த பிறகு நடலாம். செம்பனை ஆலைகளில் கிடைக்கும் வெறுங்குலைகளைச் செடியடியில் பரப்பினால் மண்ணில் ஈரம் தங்கும். ஆனால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்; குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் பெருகும்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளரட்டும் என்று விட்டுவிட்டால் அது ஒற்றைக் குச்சியாக மேலே போகும். அடியில் ஓட்டை விழும். பிள்ளைகள் அதன் வழியே புகுந்துவிடுவார்கள். கிள்ளினால்தான் பக்கக் கிளை விடும். கவ்வாத்துச் செய்யும்போது வேலியின் அடிப்பகுதி அகன்றும் மேற்பகுதி சற்று ஒடுங்கியும் இருக்குமாறு வெட்டுங்கள். அப்போதுதான் அடி இலைகளுக்கும் வெயில் கிடைக்கும்.

உயரம் 90 செண்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இது முக்கியம். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது மார்பளவு வரும், வழியை மறைக்கும். ஆனால் வெளியே நிற்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தலையும் தெரியும். வேலிக்கடியில் சருகு சேராமல் கூட்டிவிட வேண்டும். சருகு சேர்ந்தால் பாம்புக்கு வசதி. தேங்காய்ச் சிரட்டை, கிழிந்த நெகிழிப் பை, ஊன்றிய மூங்கிலின் குழி ஆகியவற்றில் நீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளில் அதில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். வாரத்துக்கு ஒருநாள் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மாணவர் குழு இருக்கட்டும்.

இனி, வழி கண்டுபிடிக்கும் கலையைப் பார்ப்போம். அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரிந்தது. வெளியே வரத் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். நுழையும்போதே வலக்கையை வலப்பக்க வேலியின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே திரும்பினாலும் கையை எடுக்கக் கூடாது. நாம் வரைந்த முறையில் எந்த வேலியும் தனித் தீவாக நிற்பதில்லை. எல்லாம் வெளிச்சுற்றோடு தொடர்ந்தே இருக்கும். ஆகவே, அந்தக் கை எல்லா அறைகளையும் ஒருமுறையேனும் தொட்டு, நடுவிடத்தையும் காட்டி, நுழைந்த வாயிலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். 35 திறப்புகளையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கடக்க வேண்டும். மொத்தம் 70 கடப்புகள். நடை ஏறக்குறைய 105 மீட்டர். எவ்வளவு குழம்பிய பிள்ளையும் இந்த நடைக்குள் வெளியே வந்துவிடும். இதை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். அவர்களே தேடட்டும், பயந்து நிற்கும் பிள்ளைக்கு மட்டும் காதோடு சொல்லுங்கள்.

மற்றொரு முறையும் உண்டு. கை நிறையக் கித்தாக் கொட்டையோ புளியங்கொட்டையோ எடுத்துக்கொண்டு, ஒரு கிளைவழியில் நுழையும்போது அதன் வாயிலில் ஒரு கொட்டை போடுவது. திரும்பும்போது இரண்டாவது கொட்டை போடுவது. இரண்டு கொட்டை கிடக்கும் வழியில் மீண்டும் போவதில்லை. தான் செய்து பார்த்ததைக் குறித்து வைத்துக்கொண்டால் அதே தவறைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதை இதைவிட எளிதாக எந்தப் புத்தகம் சொல்லித் தரும்?

சந்திகளில் வெர்சாயைப் போல நீரூற்று வைக்க நம்மிடம் பணமில்லை. பலகை வைக்கலாம். ஒரு பலகையில் விடுகதை; ஒன்றில் வாய்பாட்டுக் கணக்கு; ஒன்றில் ஒரு மலாய்ச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ப் பொருள். சரியான விடையின் அம்பு வழியைக் காட்டும். தவறான விடையின் அம்பு முட்டுச்சந்துக்கு இட்டுச் செல்லும்.

அந்த முட்டுச்சந்தில் என்ன இருக்க வேண்டும்? இதைத்தான் ஆசிரியர்கள் மிகவும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம். 'தவறு' என்று எழுதிய பலகையை அங்கே வைத்துவிட்டால், சிவப்பு மையைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்தவர்களாவோம். ஒரு முட்டுச்சந்தில் பாண்டான் இருக்கட்டும்; இன்னொன்றில் செராய்; இன்னொன்றில் துளசி; மற்றொன்றில் கற்பூரவல்லி. வந்த பிள்ளை ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத் திரும்பட்டும். அருகில் சிறு பலகையில் அந்தச் செடியின் பெயர் இருக்கட்டும். நேர்வழியில் வந்த பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று, வழி தவறிய பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது அல்லவா? நடுவிடத்தில் ஒரு மணி தொங்கட்டும். வந்து சேர்ந்தவர் அடிக்கலாம். முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் மணியின் ஒலி ஒன்றுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் தோட்டம் உடனே விளையாட்டுக்கு வராது. வேலி நெருங்கி நிற்க ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். ஐந்தாம் ஆண்டில் நட்ட பிள்ளைகள் ஆறாம் ஆண்டின் இறுதியில்தான் ஓரளவு விளையாடுவார்கள். பிறகு பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். நன்றாக வளர்ந்த தோட்டம் அவர்களுக்குப் பின் வருபவர்களுக்கே. இதனைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொருவரும் நட்ட ஆறு செடிகள் எவை என்பதை வரைபடத்தில் பெயரோடு எழுதிப் பள்ளியில் வைத்திருக்க வேண்டும். நாளை தம்பியோ தங்கையோ அந்த வேலியில் கை வைத்து வழி தேடும்போது, அது யார் நட்டது என்று தெரிந்திருக்கும்.

நேயர்களே, நிலம் இல்லாத பள்ளிகள் சுண்ணாம்புக் கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். திடலில் கோடு போட்டு நடந்தாலும் பாடம் அதே பாடம்தான். நிலம் உள்ளவர்கள் வரும் மழைக்கு முன் கிளைகளை ஊன்றிவிடுங்கள். ஆனால் வரைபடத்தைத் தயவுசெய்து பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். முதலில் அந்தக் கை தூக்காத பிள்ளையை அழைத்து, பென்சிலையும் அழிப்பானையும் கொடுத்து, எந்தக் கோட்டை அழிக்கலாம் என்று கேளுங்கள். அழித்து அழித்துத்தான் அந்தப் படத்தை வரைய முடியும் என்பதை அவன் பார்க்கட்டும்.